என் முன்பல் போன கதை

ஜெசிந்தா,

சனிக்கிழமை நீ விடுதியிலிருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிவிட்டது என்று உன் அம்மா உன்னிடம் சமாளித்திருக்கிறாள். கட்டாகவில்லை. நான்தான் போனை வைத்தேன். அதுவரை சிரித்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பல் மருத்துவக் கல்லூரியில் வரும் திங்கட்கிழமை நீ சேரப்போவதையும், அன்றைய விழாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரே மேடையேறி வெள்ளைக் கோட்டு மாட்டிவிட வேண்டும் என்பதையும், எனக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருப்பதையும் மூச்சு விடாமல் சொன்னாய். உன்னை நேர்முகத்தில் கேள்வி கேட்ட பேராசிரியர் அன்றைக்கு மேடையில் நம் குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசப்போகிறார் என்றாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாய். "அப்பா, அன்னிக்கும் பல் செட்டு போடாம வாங்கப்பா. இண்டர்வியூக்கு வந்தீங்களே, அதே மாதிரி" என்றாய். அப்போதுதான் வைத்தேன்.

திரும்பவும் கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. போனில் பேசினால் நீதான் ஜெயிப்பாய். நான் ஒரு வார்த்தையைத் தேடிப் பிடிப்பதற்குள் நீ தமிழில் பாதி, மலாயில் பாதி, இங்கிலீஷில் பாதி என்று ஒன்றரை மடங்கு பேசிவிடுவாய். எழுத்து என்றால் எனக்குக் கொஞ்சம் கைவரும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான் என்றாலும், தொழிற்சங்கக் கிளைச் செயலாளராக இருந்த காலத்தில் ஊருக்கெல்லாம் மனு எழுதிக்கொடுத்தவன். தண்ணீர்க் குழாய்க்கு, லயத்து வீட்டுக் கூரைக்கு, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகைக்குப் பால்மாவுக்கு என்று எழுதாத மனு இல்லை. பெரும்பாலானவற்றுக்குப் பதில் வந்ததில்லை. இதற்கும் நீ பதில் எழுத வேண்டாம். உட்கார்ந்து ஒருமுறை படித்தால் போதும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மகளின் முன்னேற்றம் பொறுக்காத கிழவன் என்று நினைத்துவிடுவாய். அந்த இடம் உனக்கு உரியது. பத்தொன்பது வயதில் ரஹாங்கில் இருக்கும் பல் கிளினிக்கில் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தாய். டாக்டர் அம்மா பல்லைக் குடைய, நீ பக்கத்தில் நின்று நோயாளியின் வாயிலிருந்து எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பாய். கூட வேலை பார்த்த பெண்கள் கல்யாணம் செய்துகொண்டு போனார்கள், புதிதாக வந்தவர்களும் போனார்கள், நீ குழாயோடு நின்றாய். ஆனால் சும்மா நிற்கவில்லை. எக்ஸ்ரே படத்தைப் பார்த்து டாக்டர் அம்மா என்ன சொல்லப்போகிறார் என்று மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாய், சரியாக இருந்த நாளில் வீட்டுக்கு வந்து என்னிடம் பீற்றிக்கொள்வாய். முப்பது வயது தாண்டிய பிறகு, பள்ளிப் பிள்ளைகள் எழுதும் மேல்நிலைத் தேர்வைத் தனியாக எழுதப்போகிறேன் என்று நீ சொன்னபோது, கோயிலில் பாதிப் பேர் உன் அம்மாவைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரிக்கிற மாதிரி பேசினார்கள். "இந்த வயசுல புஸ்தகப் பையா? ஒரு நல்ல மாப்பிள்ளையா பாருங்க லா" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். நீ கேட்டும் கேட்காததுபோல் வேதியியல் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு டியூஷனுக்குப் போனாய். முதல் தடவை மதிப்பெண் போதவில்லை. மறுபடி எழுதினாய். அந்த நெஞ்சழுத்தம் என்னிடமிருந்து வந்தது என்று நான் உள்ளூரப் பெருமைப்பட்டதுண்டு. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மதிப்பெண் வந்த பிறகுதான் உண்மையான அவமானங்கள் ஆரம்பித்தன. முதல் கல்லூரி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. படித்து முடிக்கும்போது உனக்கு என்ன வயதாகும், அதற்குப் பிறகு எத்தனை வருடம் வேலை செய்வாய் என்று அங்கே கேட்டார்கள். நீ பதில் சொல்லத் தொடங்கும்போதே காகிதத்தில் ஏதோ எழுதி மூடிவிட்டார்களாம். இரண்டாவது கல்லூரியில் இன்னும் மரியாதையாகக் கேட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார முடியுமா, கை நடுங்காதா, கல்யாணம் செய்துகொண்டு பாதியில் போய்விட மாட்டாயா என்று கேட்டார்கள். கை நடுங்குமா என்று உன்னைக் கேட்டவனுக்கு அந்தக் கையைப் பற்றி என்ன தெரியும்? டாக்டர் அம்மா தடுமாறுகிற நாட்களில் கருவியை அவர் கேட்கும் முன்னே எடுத்து நீட்டிய கை அது. இரண்டாவது நேர்முகம் முடிந்து வந்த அன்று நீ வீட்டுக்குள் வராமல் வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தாய். நான் ஜன்னலைத் தட்டினேன். "போங்கப்பா, கொஞ்ச நேரம் விடுங்க" என்றாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஆட்களின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

பிறகு இந்தக் கல்லூரி. வழக்கமான பாதையில் வராத ஒருவருக்கு, ஏழைக் குடும்பத்திலிருந்து வருகிற ஒருவருக்கு, கட்டணமில்லாமல் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று டாக்டர் அம்மாதான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். இதுவும் போனால் இனிமேல் விண்ணப்பிக்கப் போவதில்லை என்று நீ சொல்லிவிட்டாய். அதனால்தான் அன்றைக்கு நம் வீட்டில் அத்தனை பரபரப்பு. நம் சனத்துக்கு நேர்முகம் என்றால் ஒருவர் தனியாகப் போகிற காரியமா? முப்பத்தாறு வயது மகளை அழைத்துக்கொண்டு அம்மா, அப்பா, வேன் ஓட்ட மாமா என்று குடும்பமே விடிவதற்குள் கிளம்பிவிட்டது. நான் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து பல் செட்டை எடுக்கப் போனேன். நீ பின்னாலேயே வந்தாய். "அப்பா, இன்னிக்கு அது வேணாம். நீங்க பேசுனா டக் டக்குன்னு சத்தம் வருது" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உன் முகத்தில் இருந்த படபடப்பைப் பார்த்துவிட்டு, சரி, பெரிய இடத்துக்குப் போகிறோம், சத்தம் வேண்டாம் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று செட்டைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டேன். அந்தச் செட்டு யார் செய்துகொடுத்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? கிளினிக்கில் சேர்ந்த புதிதில் என்னை நாற்காலியில் சாய்த்து, மாவைக் குழைத்து என் ஈறில் அழுத்தி, "அசையாதீங்கப்பா, அசையாதீங்க" என்று அதட்டிக்கொண்டே நீதான் அளவெடுத்தாய். செட்டு வந்த அன்று என்னைச் சிரிக்கச் சொல்லி எத்தனை தடவை படம் பிடித்தாய்! நீ மாட்டிவிட்ட பல்லை நீயே கழற்றச் சொன்னாய் என்பது அன்றைக்கு எனக்குப் படவில்லை.

கல்லூரி வாசலில் இருந்த பெண் உன்னைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் பெயர் என்ன என்று மலாயில் கேட்டாள். பெற்றோர் உட்காரும் அறையைக் கை காட்டினாள். நீ உன் பெயரைச் சொன்னாய். அவள் பட்டியலைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், மறுபடி பட்டியலைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டாள், நல்ல பெண்தான். நீ சிரித்துச் சமாளித்தாய். ஆனால் அதற்குள் பிள்ளைகள் அறையில் நாற்காலி நிரம்பிவிட்டதால் எங்களோடு பெற்றோர் அறையிலேயே உட்காரும்படி ஆயிற்று. உன் எதிரே உன் வயதுப் பெண் ஒருத்தி தன் மகனுக்காக ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். நீ உன் கைகளை மடியில் மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாய். அந்த நிமிடத்தில், இந்த இடம் உனக்குக் கிடைக்க வேண்டும், அதற்கு என்னால் ஆவது எதுவாக இருந்தாலும் செய்வேன் என்று நான் நினைத்தேன். நினைத்ததற்கு அரை மணி நேரத்தில் வேலை வந்தது.

உன்னைக் கூப்பிட்டார்கள், நீ உள்ளே போனாய், கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஆள் வெளியே வந்து, அப்பாவையும் உள்ளே வரச் சொல்கிறார்கள் என்றான். செலவுக்கும் நடத்தைக்கும் பொறுப்பேற்கக் கேட்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியர் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். அதுவரை அப்படி யாரும் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்ததில்லை, அதனாலேயே பாதி தடுமாறிப்போனேன். "அங்கிள், உங்க மகள் எல்லாம் சொன்னாங்க" என்று மலாயில் ஆரம்பித்தார். தோட்டத்தில் அந்தக் காலத்தில் பல் டாக்டரே கிடையாதாமே, பல் எல்லாம் சொத்தை விழுந்து, வலி தாங்காமல் பிளையரால் நீங்களே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டீர்களாமே, அதைக் கண்ணால் பார்த்துத்தான் மகளுக்குப் பல் மருத்துவராகும் எண்ணமே வந்ததாமே என்றார். பக்கத்தில் இருந்த அம்மாள் "கெசியான்" என்றாள். ஐயோ பாவம் என்பதற்கு மலாயில் அதுதான் வார்த்தை, உனக்குத் தெரியும். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தாடைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "கொஞ்சம் பார்க்கலாமா அங்கிள்?" என்று அவர் கையுறையை எடுத்து மாட்டினார். நான் வாயைத் திறந்தேன்.

அவர் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற இருவருக்கும் இங்கிலீஷில் விளக்கினார். எலும்பு தேய்ந்துபோயிருக்கிறது, பல காலம் கவனிக்காமல் விட்டதன் அடையாளம் என்றாராம், பிறகு மாமாவிடம் நீ பெருமையாகச் சொன்னபோதுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. மென்மையான கை அவருக்கு. கொஞ்சமும் வலிக்கவில்லை. முடித்துவிட்டு, "பிளையரால பிடுங்குனது ரொம்ப வலிச்சிருக்குமே?" என்று கேட்டார். என் வாயில் வார்த்தை இருந்தது, ஜெசி. இல்லை ஐயா, அப்படி நடக்கவில்லை என்று சொல்ல மலாய் எனக்குத் தெரியும். அறைக்கு வெளியே உன் அம்மா உட்கார்ந்திருந்தாள், உள்ளே நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் தலையை ஆட்டினேன். "ஆமா டாக்டர்" என்றேன்.

நடந்தது உனக்குத் தெரியாது என்றால் நான் இதை எழுதவே மாட்டேன். தெரியும். பதினொரு வயதில் அங்கே நின்றவள் நீ. கோலா பிலா போகும் சாலையில் இருந்த நம் தோட்டத்தை விற்றுவிட்டார்கள், வீட்டுமனைக்காக. லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். போவதற்கு இடம் காட்டுங்கள், போகிறோம் என்று சங்கத்தின் பெயரில் நான் எழுதிய மனுக்களுக்குப் பதில் இல்லை. ஒரு காலையில் மண்ணைத் தள்ளும் இயந்திரத்தையும் லாரியில் ஆட்களையும் கொண்டுவந்து நிறுத்தினான் இடிக்கும் வேலையை எடுத்த குத்தகைக்காரன். முதல் லயத்துக்கு முன்னால் நாங்கள் வரிசையாக நின்றோம். பெண்கள் பிள்ளைகளோடு பின்னால் நின்றார்கள். யார் தலைவன் என்று கேட்டான் லாரியிலிருந்து இறங்கிய ஒருத்தன். வீரன் என்றெல்லாம் நான் சொல்லிக்கொள்ள மாட்டேன், ஆனாலும் நான்தான் என்றேன். ஆட்களை விலகச் சொல் என்றான். முடியாது என்றேன். கையில் வைத்திருந்த, வேலைக்குப் போடும் இரும்புத் தொப்பியால் வாயோடு சேர்த்து அடித்தான். முன்பல் இரண்டு வேரோடு வந்துவிட்டது, இரண்டு பாதியில் ஒடிந்தது, அந்த அடியில் ஆடிப்போன மற்றவை பின்னால் ஒவ்வொன்றாக விழுந்தன. சட்டையெல்லாம் ரத்தம். அதைப் பார்த்ததும் பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்கள், அவனோடு வந்த ஆட்களே பயந்துபோய் லாரியில் ஏறினார்கள். அன்றைக்குத் திரும்பிப்போன இயந்திரம் அதற்குப் பிறகு வரவில்லை. பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். சுங்கை காடுட் பக்கம் இப்போது நாம் இருக்கும் இந்த வீடு அந்தப் பேச்சில் கிடைத்தது. நீ இரவெல்லாம் படித்தாயே, அந்த மேசை நிற்கும் தரை சும்மா வந்ததில்லை.

அன்றைக்கு நீ என்ன செய்தாய் என்பதையும் சொல்கிறேன், ஒருவேளை அதை மட்டும் மறந்திருந்தால். பள்ளிக்கூட நீலச் சட்டையோடு ஓடிவந்து, மண்ணில் கிடந்த என் பல் ஒன்றைப் பொறுக்கி, குழாயில் கழுவி, உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாய். "அப்பா, இத திரும்ப வச்சுக்க முடியாதா?" என்று கேட்டாய். தோட்ட ஆஸ்பத்திரி டிரெசர், நம் ஊருக்கு டாக்டர் என்றால் அவர்தான், அவர் என் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டே, "வேரோட வந்த பல்லு பாப்பா. இப்பவே சிரம்பானுக்குக் கொண்டுபோனா வச்சுப் பார்க்கலாம்" என்றார். மோட்டாரில் என்னைக் கூட்டிப்போக ஆள் தயாராக இருந்தது. நான் போகவில்லை. நான் நகர்ந்தால் கூட்டம் கலைந்துவிடும், கலைந்தால் அவன் திரும்ப வருவான் என்று உட்கார்ந்துவிட்டேன். நீ அந்தப் பல்லைக் கையில் மூடிக்கொண்டு டிரெசர் பின்னாலேயே அலைந்தாய். பல்லுக்குள்ளே என்ன இருக்கிறது, வேர் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஏன் உடனே வைக்க வேண்டும் என்று மனிதரை ஒரு வழி பண்ணினாய். பெரியவளாகிப் பல் டாக்டர் ஆகப்போகிறேன் என்று நீ சொல்ல ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான். ஏன் பல் மருத்துவம் என்று அந்த அறையில் உன்னைக் கேட்டபோது இது உன் கையில் இருந்தது. இதை விட்டுவிட்டுப் பிளையரை எடுத்தாய்.

திரும்பி வரும் வழியில் ரொட்டிச் சானாய் கடையில் வேனை நிறுத்தினார் மாமா. எல்லோரும் கலகலவென்று இருந்தார்கள். நேர்முகம் நன்றாகப் போய்விட்டது என்று உன் முகத்திலேயே எழுதியிருந்தது. நான் ரொட்டியைக் குழம்பில் ஊறவைத்து ஈறால் மென்றுகொண்டிருந்தேன். வெளியே கை கழுவ வந்தபோது உன்னைத் தனியாகக் கேட்டேன்.

"ஏன் பாப்பா அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அடிதடியில போச்சுன்னா? ரௌடிக் குடும்பம்னு நெனைப்பாங்க லா."

"உள்ளதைச் சொல்லிருக்கலாமே."

"உள்ளதைச் சொல்லி ரெண்டு காலேஜ்ல பார்த்தாச்சுப்பா. எனக்கு இந்த வேலை புடிச்சிருக்கு, நல்லா தெரியும், செய்ய முடியும்னு சொன்னேன். வயசைத்தான் கேட்டாங்க. இவங்களுக்கு ஒரு அழுகை வேணும். குடுத்தேன்."

"என் வாயை வச்சா?"

நீ கையைத் துடைத்துக்கொண்டே, "சீட்டு கிடைச்சா உங்களுக்கும் சந்தோஷந்தானே" என்றாய். உன் அம்மா அதற்குள் வந்து, "விடுங்களேன், நல்ல நாளும் அதுவுமா" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

நானும் விட்டுவிடத்தான் நினைத்தேன். ஒரு நாள் கூத்து, பிள்ளையின் காரியம் ஆக வேண்டும், நாலு சுவருக்குள் நடந்தது அங்கேயே இருந்துவிடும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். இடம் கிடைத்துவிட்டது என்று நீ கத்திக்கொண்டு ஓடிவந்த அன்று உன்னைக் கட்டிக்கொண்டு நான் அழுதது பொய் இல்லை. ஆனால் நீ சனிக்கிழமை சொல்லாமல் விட்டதை உன் அம்மா பிறகு சொன்னாள். அந்தப் பேராசிரியர் மேடையில் என்னை எழுப்பி நிறுத்தி, இவருக்குப் புதுப் பல் செட்டு நம் கல்லூரி இலவசமாகச் செய்துகொடுக்கும் என்று அறிவிக்கப்போகிறாராம். எல்லோரும் கை தட்டுவார்களாம், படம் பிடிப்பார்களாம். நல்ல மனதோடுதான் செய்கிறார், அவரை நான் குறை சொல்லவில்லை. நீ செய்துகொடுத்த பல்லைக் கழற்றி வைத்துவிட்டு, பல்லே இல்லாதவன்போல் அங்கே போய் நின்று, இன்னொரு பல்லைக் கை நீட்டி வாங்க வேண்டும் நான். என்னோடு அந்த வரிசையில் நின்றவர்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், ஜெசி. அவர்கள் போனுக்கும் அந்தப் படம் வரும். பல் விளக்கத் தெரியாமல் பல்லைப் பறிகொடுத்தவன் என்று நான் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பார்கள். அவர்களில் யாராவது என்னைக் கேட்டால் என்ன சொல்வது என்று நீ எனக்குச் சொல்லித் தரவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கப்போவதில்லை. உன்னை அங்கே கொண்டு நிறுத்தியவர்கள் மேலும் இருக்கிறது. ஒரு பெண் தன் கை நல்ல கை, தன் புத்தி நல்ல புத்தி என்று சொன்னால் காது கேட்காத மனிதர்கள், அவளுடைய அப்பன் வாய் அழுகிப்போனது என்றதும் எழுந்து நின்று கை கொடுக்கிறார்கள். நீ இதைக் கண்டுபிடித்தாய், புத்திசாலி. தோட்டத்துக்காரனிடம் மற்றவர்களுக்குப் பிடித்தது அவன் பரிதாபம்தான், அவன் முடியாது என்று சொன்னது யாருக்கும் பிடிக்காது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வேதனை என்னவென்றால், அது உனக்கும் பிடிக்காமல் போய்விட்டதோ என்பதுதான். அடிதடி என்றாயே, அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் விழுங்க முடியாமல் வைத்திருக்கிறேன். அடித்தவன் அவன். நாங்கள் நின்றோம், அவ்வளவுதான்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதோ இல்லையோ, டாக்டராகப் போகிறவளுக்கு அப்பன் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன். உன் வயதைப் பற்றி யார் கேட்டாலும் குரல் இறங்காமல் சொல். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் உன்னை ஆன்ட்டி என்று கூப்பிடும், கூப்பிடட்டும். ராத்திரி கண் விழித்துப் படிப்பதில் அவர்களை உன்னால் ஜெயிக்க முடியாது, போட்டி போடாதே, நேரத்தோடு தூங்கு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. முக்கியமான ஒன்று இது. நாளைக்கு உன் நாற்காலியில் ஒருவன் வந்து சாய்ந்து வாயைத் திறப்பான், உள்ளே பல் இருக்காது. பார்த்தவுடன் நீயாகக் கதை கட்டிவிடாதே. எப்படிப் போச்சு என்று அவனைக் கேள். கேட்டுவிட்டு அவன் சொல்வதை எழுதிக்கொள். அவன் அப்பன் வயதுக்காரனாக இருந்தால் இன்னும் பொறுமையாகக் கேள், அவர்களுக்குச் சொல்ல வராது.

இனி திங்கட்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். செட்டைப் போட்டுக்கொண்டு வந்து அந்தப் பேராசிரியரிடம் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியது மலாயில் நாலு வார்த்தைதான். சொன்னால் உன் இடம் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் பதினேழு வருடத்தை என் நாலு வார்த்தையில் உடைக்க எனக்கு மனம் வரவில்லை. பயப்படாதே, யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் செட்டைக் கழற்றிவிட்டு வர இன்னொரு முறை என்னால் முடியாது. லயத்துக்கு முன்னால் நின்றவன் ஆட்டாத தலையை அந்த அறையில் உனக்காக ஒரு தடவை ஆட்டினேன். மகள் என்பதற்காக ஒரு தடவை சரி. மேடையில் ஏறி ஆட்ட மாட்டேன்.

உன் அம்மா வருகிறாள். புதுச் சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறாள், மாமா வேன் கொண்டுவருகிறார். வெள்ளைக் கோட்டை அவளே மாட்டிவிடட்டும். அவளுக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது, யாரும் திறந்து காட்டச் சொல்ல மாட்டார்கள். அப்பா ஏன் வரவில்லை என்று அந்தப் பேராசிரியர் கட்டாயம் கேட்பார், நல்ல மனிதர், கேட்காமல் இருக்க மாட்டார். ஏதாவது சொல்லிக்கொள். நீ சொன்னால் நம்புவார்கள்.

அப்பா